எப்பாடு பட்டா, எவ்வழியிலா?

 

நம் இல்லங்களில் அடிக்கடி ஒலிக்கும் ஆங்கில மரபுத்தொடர்களுள் ஒன்று, ‘பை ஹுக் ஆர் பை குரூக்’. “பை ஹுக் ஆர் பை குரூக் இந்த ஆண்டு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்துவிடு” என்று தந்தை மகனிடம் கூறுகிறார். ‘எப்பாடு பட்டாவது’ என்பதே அவர் கருத்து. ஆனால், ‘நேர்வழியோ குறுக்கு வழியோ, ஏதேனும் ஒரு வழியில்’ என்பதே அத்தொடரின் பொருள்.

ஹுக் என்பது கொக்கி. குரூக் என்பது இடையரின் வளைந்த கோல். சுத்துக்கேணி போன்ற சிற்றூர்களில் வாழ்வோர்க்கு நம் தொரட்டிக்கோல் நினைவுக்கு வரும். பழங்கால இங்கிலாந்தில், நிலக்கிழாரின் காட்டில் ஏழைகள் மரம் வெட்டக் கூடாது; கொக்கியும் கோலும் எட்டும் அளவிற்குக் காய்ந்த கிளைகளை இழுத்துக்கொள்ளலாம். இவ்வழக்கத்திலிருந்து இத்தொடர் பிறந்ததாகப் பலர் கூறுவர். 1390ஆம் ஆண்டளவில் ஜான் கோவர் இயற்றிய நூலிலேயே இதன் பழைய வடிவம் உள்ளது. அவர்கள் கூறுவது சரியெனில், வரம்புக்குட்பட்ட உரிமையைக் குறித்த சொற்கள் இன்று வரம்பு மீறலைக் குறிக்கின்றன!

அன்றாட வாக்கியங்களில் இதனை எங்ஙனம் ஆளுவது?

“ஹி வாண்ட்ஸ் டு பி ரிச் பை ஹுக் ஆர் பை குரூக்.” நேர்மையைப் பொருட்படுத்தாது செல்வம் தேடுபவனைக் குறிக்கிறது, பொருத்தமான ஆட்சி.

“ஐ வில் பாஸ் பை ஹுக் ஆர் பை குரூக்.” காப்பியடித்தேனும் தேறுவேன் என்று தொனிக்கும். “ஐ வில் பாஸ் பை டின்ட் ஆஃப் ஹார்ட் வொர்க்” என்று எழுதுக. கடின உழைப்பால் தேறுவேன் என்பது பொருள்.

‘பை ஆல் மீன்ஸ்’ என்பதையும் சிலர் இதனோடு குழப்பிக்கொள்வர். “உள்ளே வரலாமா?” என்று கேட்பவருக்கு, “தாராளமாக!” என்று கூறும் விடையே அது.

1954 வரை புதுவையை ஆண்ட பிரெஞ்சுக்காரரிடம் ‘கூத் க கூத்’ என்றொரு தொடர் உண்டு. ‘என்ன விலை கொடுத்தேனும்’ என்பது பொருள். அது நாம் கொடுக்கும் விலையைச் சொல்கிறது; நம் ‘எப்பாடு பட்டாவது’ நாம் படும் பாட்டைச் சொல்கிறது. ஆங்கிலத் தொடரோ வழியைப் பற்றியது. வழியைப் பற்றி நமக்கு மார்க்கத்தின் கட்டளை உண்டல்லவா?

பொருள் ஹலாலான வழியில் வந்ததா, ஹராமான வழியில் வந்ததா என்று மனிதன் பொருட்படுத்தாத காலம் ஒன்று வரும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. கல்லூரி இடத்திற்கும் வெளிநாட்டு வேலைக்கும் கையூட்டுக் கொடுக்கத் துணிவோர் நம்மிடையேயும் இருக்கின்றனர். அத்தகைய வீட்டில் பிள்ளை முதலில் கற்கும் பாடம் எது?

ஆகவே பெற்றோரே, பிள்ளைகளிடம் “எப்பாடு பட்டாவது படி” என்று தமிழிலேயே கூறுங்கள். அதில் உழைப்பு இருக்கிறது. குறுக்கு வழி இல்லை.

அடுத்த திங்கள் வேறொரு தொடருடன் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.