பத்துக் காசும் பழைய ரிவால்வரும்

நாங்கள் நால்வரும் தேசிய சேவையில் ஒரே பிளட்டூன். எஸ்ஏஆர் 21 ரைஃபிளால் தூரத்துப் பலகைகளைச் சாய்த்து 'மார்க்ஸ்மேன்' பேட்ஜ் வாங்கியவன் நான். அந்தத் தைரியத்தில்தான் சென்ற மாதம் புக்கெட் போனபோது, கடலை விட்டுவிட்டு ஒரு நாளைத் துப்பாக்கி சுடும் தளத்தில் கழிக்கலாம் என்றேன்.

நம் ஊரில் நினைத்தவுடன் இதைச் செய்துவிட முடியாது. தேசிய சேவை, சீருடைப் பணி, உரிமம் பெற்ற மன்றம் என்று வாசல்கள் மிகக் குறைவு. ஆளைக் காயப்படுத்தும் நோக்கத்தோடு ஒரு குண்டு சுட்டால் மரண தண்டனை என்கிறது 1973ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டம். அங்கேயோ சுற்றுப்பயணிகளும் பணம் கட்டிச் சுடலாம்.

நண்பர்கள் மூவரும் பளபளக்கும் குளோக் கேட்டார்கள். என் கண் ஓரத்தில் கிடந்த கிழட்டு ரிவால்வர்மேல் போனது. ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 10. நீல மெருகு தேய்ந்து, விளிம்பெல்லாம் வெள்ளி மாதிரி பல்லிளித்தது. "தாத்தா துப்பாக்கிடா மச்சான்!" என்று சிரித்தார்கள்.

என் அப்பா சுமந்த துப்பாக்கி அது. அவர் 1980ல் போலிசில் சேர்ந்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை நம் போலிசார் இடுப்பில் இருந்தது பிரிட்டிஷ் காலத்து வெப்லி. ரிவால்வர்களில் அபூர்வமாக, அதற்குத் தனியாகப் பாதுகாப்புப் பூட்டு உண்டு. வெப்லி போய் ஸ்மித் அண்ட் வெஸன் வந்தது. பிறகு ஐந்து குண்டு டாரஸ். இப்போது ரோந்து அதிகாரிகளுக்கு குளோக்.

காதுக் கவசம் மாட்டி, ஆறு குண்டும் போட்டுக்கொண்டு நின்றேன். ரைஃபிளைத் தோள் தாங்கும். ரிவால்வருக்கு மணிக்கட்டுதான் கதி. விசையை இழுத்தால் சுத்தியல் பின்னால் போக வேண்டும், உருளை சுழல வேண்டும், அதன் பிறகுதான் வெடிக்கும். அந்த நீண்ட இழுப்பில் குழல் முனை கீழே சாய்ந்துவிடுகிறது. பத்தே மீட்டர்! ஆறில் இரண்டு காகிதத்திலேயே படவில்லை. மார்க்ஸ்மேன் மானம் போனது.

திரும்பும் வழியில் ஒருவன் ரிவால்வர் வடிவ சிகரெட் லைட்டர் ஒன்றைக் கையில் எடுத்தான். சிங்கப்பூருக்குள் அதைக் கொண்டுவரவே தடை என்று சொல்லி, எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னோம். நான் ஓட்டைக் காகிதத்தை மட்டும் மடித்து எடுத்துவந்தேன்.

ஞாயிறு காலை தேக்காவில் அப்பாவோடு காப்பி. காகிதத்தை விரித்தேன். அவர் அதைப் பார்க்காமல், "எத்தனை சுட்டே?" என்றார்.

"முப்பது. நீங்க எத்தனைப்பா?"

"பயிற்சியிலயா? கணக்கே இல்ல. வெளியில ஒண்ணும் இல்ல."

முப்பது வருடத்துக்கு மேல் இடுப்பில் கிடந்திருக்கிறது. ஒரு தடவைகூட இல்லை. ஏமாற்றமாக இருந்ததா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. ஏனென்றால் 2013 டிசம்பர் 8 இரவு எனக்கு நினைவுக்கு வந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நடக்கும் தூரம்தான், ரேஸ்கோர்ஸ் சாலையும் ஹேம்ஷயர் சாலையும் சேருமிடம். பேருந்து மோதி ஓர் இந்திய ஊழியர் இறந்துபோக, கலவரம் வெடித்தது. வாகனங்கள் எரிந்தன, அதிகாரிகள் மேல் கல்லும் போத்தலும் விழுந்தன. அப்பா அப்போது ஓய்வு பெற்றிருந்தார். தொலைக்காட்சி முன் நின்றபடியே பழைய சகா ஒருவரைத் தொலைபேசியில் பிடித்து, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "நம்ம பசங்க யாராவது சுட்டாங்களா?"

இல்லை. அன்று போலிஸ் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் அவர் உட்கார்ந்தார். அப்போது எனக்கு அது விளங்கவில்லை. கலவரக்காரர்களுக்காகக் கவலைப்படுகிறாரா, போலிசாருக்காகவா என்று குழம்பினேன். புக்கெட்டில் ஆறு குண்டு எங்கே போனதென்று தெரியாமல் நின்றபோது லேசாகப் புரிந்தது. காகிதத்தைத் தாண்டிப் போனவற்றைப் பிடிக்க அங்கே மண்மேடு இருந்தது. ரேஸ்கோர்ஸ் சாலையில் என்ன இருந்தது?

அப்பா இப்போதுதான் காகிதத்தைப் பார்த்தார். ஓட்டைகள் எல்லாம் இடது பக்கம் கீழே.

"வெடுக்குன்னு இழுக்கிறே. அமுக்கணும்."

சட்டைப் பையிலிருந்து பத்துக் காசு எடுத்தார். காப்பிக் கரண்டியை என் கையில் துப்பாக்கி மாதிரி பிடிக்க வைத்து, அதன் காம்பில் காசை நிறுத்தினார். காசு விழாமல் விரலை மடக்க வேண்டுமாம். மூன்று முறை விழுந்தது. பக்கத்து மேசைப் பாட்டி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை," என்றார் அப்பா.