பழவேற்காட்டில் நாங்கள் பார்க்காதவை

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் நாங்கள் பதினான்கு குடும்பங்கள். போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று வேன் பிடித்து, பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் போனோம். எங்களில் பலர் இங்கே குடியேறி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மாமல்லபுரத்துக்கும் புதுச்சேரிக்கும் எத்தனையோ முறை போயிருக்கிறோம். தரங்கம்பாடியில் டேனியக் கோட்டை முன்னால் நின்று படம் எடுத்திருக்கிறோம். வாராவாரம் நாங்கள் வாங்கும் நண்டும் இறாலும் வருகிற ஊர் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்க, அங்கே ஒருமுறையும் போனதில்லை. அதைவிட வருத்தம், போன அன்று நாங்கள் நடந்துகொண்ட விதம். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் டச்சுக் கல்லறைத் தோட்டம். வாசலின் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. குழந்தைகளை அவற்றின் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்ததிலேயே அரை மணி நேரம் போயிற்று. உள்ளே 17ஆம் நூற்றாண்டுக் கற்கள் இருக்கின்றன. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் எழுத்தும் குலச் சின்னங்களும் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. யாருக்கும் டச்சு மொழி தெரியாது. ஆனாலும் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்தோம்.

அடுத்து கெல்டிரியா கோட்டை. 1613இல் கட்டியது. 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை, சோழமண்டலக் கரையில் டச்சு வணிகத்தை இங்கிருந்துதான் நிர்வகித்தார்கள். இப்போது அங்கே முட்புதரும் மண்மேடும்தான். "ஒண்ணும் இல்லையே" என்று வேனுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. யாரும் இறங்கவில்லை.

அந்த ஒன்றுமில்லாத இடத்தில் என்ன நடந்தது என்பதை வீடு திரும்பிய பிறகுதான் படித்தோம். டச்சுக் கம்பெனி துணி ஏற்றிய இதே கரையிலிருந்து மனிதர்களையும் ஏற்றியது. பஞ்சம் வந்த வருஷங்களில் தங்களையும் பெற்ற பிள்ளைகளையும் விற்க நேர்ந்தவர்கள், ஆயிரக்கணக்கில், அடிமைகளாகப் படேவியாவுக்குப் போனார்கள். இன்றைய ஜகார்த்தா அது. நம் ஊர்க்காரர்கள், நம் மொழி பேசியவர்கள். அவர்களில் ஒருவர் பெயருக்கும் இங்கே கல் கிடையாது. கல்லில் பெயர் இருந்தவர்களுக்கு நாங்கள் அரை நாள் கொடுத்தோம். இவர்களைப் பற்றி எங்கள் பிள்ளைகளிடம் சொல்ல அன்று எங்களுக்கு ஒரு வார்த்தையும் தெரிந்திருக்கவில்லை.

மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கட்டம் போட்ட கைலியை இன்றும் 'கைன் பெலிகாட்' என்கிறார்கள். பழவேற்காட்டின் பெயர்தான் அது. எங்களில் பாதிப் பேர் வீட்டில் கட்டுவது கைலிதான். அந்தப் பெயரைச் சுமந்து கடல் தாண்டிய துணியை நெய்தவர்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பனங்குருத்தோலையில் பெட்டி முடையும் முஸ்லிம் பெண்கள் சிலரிடம் பேசினோம். பேசியது விலையை மட்டும். ஒரு பெட்டியில் இருபது ரூபாய் குறைத்து வாங்கியதைத் திரும்பும் வழியெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தோம். ஓலை கீறிக் கீறித் தழும்பேறிய அந்த அம்மாவின் விரல்கள் இப்போது நினைவுக்கு வருகின்றன.

மீனவர்களிடமும் அப்படித்தான், எதையும் கேட்டுக்கொள்ளவில்லை. ஏரியில் இறால் வலை கட்டும் இடங்களை ஊர் கூடி முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' வழக்கம் அவர்களுடையது. ஒருவனே நல்ல இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள அதில் வழியில்லை. முகத்துவாரம் மணல் அடைத்துக்கொண்டால் கடல்நீர் ஏறாது, மீன்வரத்து குறையும், படகு கடலுக்குப் போக முடியாது. முகத்துவாரத்தைத் திறந்து வைக்கக் கோரி அவர்கள் பல வருஷமாகப் போராடியிருக்கிறார்கள். ஆலைகளால் ஆறும் ஏரியும் கெட்டுப்போகின்றன என்று அவர்கள் முறையிடும்போதெல்லாம், வேலைக்கு ஆபத்து வந்துவிடுமோ என்று பயந்து வாய் திறக்காமல் இருந்தவர்கள் நாங்கள். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. சாப்பிட்ட இலையையும் தண்ணீர்ப் பாட்டில்களையும் ஏரிக்கரையிலேயே போட்டுவிட்டு வந்தோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆனால் உறக்கம் கெடுப்பது வேறொன்று. சாயங்காலம் பூநாரைக் கூட்டம் தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. கிட்டே போய்ப் பார்க்கப் படகு வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடித்தார்கள். கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டோம்.

"ஏத்தறதில்ல சார். தடை இருக்குது."

"யார் பாக்கப் போறாங்க பெரியவரே? ஆளுக்கு நூறு ரூபா கூடத் தர்றோம்."

அவர் வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இருபத்திரண்டு பேரு சார். எல்லாம் உங்கள மாதிரி குடும்பத்தோட வந்தவங்கதான்."

2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவர்கள் ஏறிய படகு இங்கே கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அப்போது பத்திரிகையில் படித்தோம், அழுதோம். அது எங்களுக்குத் தெரியாத செய்தியில்லை. தெரிந்திருந்தும், ஒருவரிடமும் உயிர்காப்பு உடை இல்லாமல், பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த மனிதரிடம் பேரம் பேசினோம். எங்களுக்குள் ஒருவராவது "வேண்டாம்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளை அன்று காப்பாற்றியது அவர் மறுத்த மறுப்புதான்.

இருட்டியதும் வேன் கிளம்பியது. பின் இருக்கையிலிருந்து ஒரு சிறுமி கேட்டாள்: "அந்தத் தாத்தா ஏன் நம்மள ஏத்திக்கல?"

"நேரமாயிடுச்சும்மா" என்றோம்.