அன்டிகுச்சோ: ருசி தேசத்துக்கு, நட்டஈடு ஆண்டைக்கு

பெரு நாட்டின் 'தேசிய உணவு' என்று இன்று கொண்டாடப்படும் அன்டிகுச்சோ, அடிமைகளின் அடுப்பில் பிறந்தது. இதைச் சொல்லக் கூசுகிறவர்கள், "அது இன்கா காலத்துப் பண்டம்" என்கிறார்கள். நான் கேட்கிறேன்: இன்காக்களிடம் மாடு ஏது? மாடு, பூண்டு, சீரகம் எல்லாம் 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்களோடு வந்தவை. இறைச்சியைக் குச்சியில் குத்திச் சுடும் வழக்கம் முன்பே இருந்திருக்கலாம். ஆனால் மாட்டின் இதயத்தைச் சுட்டவர்கள் யார்? நல்ல சதையை ஆண்டைகள் எடுத்துக்கொள்ள, ஒதுக்கப்பட்ட இதயத்திலும் குடலிலும் வயிறு கழுவியவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள் என்பதுதான் லிமாவின் கறுப்பின மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு.

அதைக் 'கழிவு' என்பவர்கள் ஒருமுறை சமைத்துப் பார்க்கட்டும். இதயத்தின் கொழுப்பையும் சவ்வையும் சீவி எடுக்க வேண்டும். தட்டையான துண்டுகளாக நறுக்கி, அஹி பாங்கா என்னும் கருஞ்சிவப்பு மிளகாயின் விழுது, பூண்டு, சீரகம், வினிகர், உப்பு சேர்த்து இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும். குச்சியில் கோத்துக் கரி நெருப்பில் வாட்டும்போது, சோளத் தோகையைக் கிழித்துக் கட்டிய தூரிகையால் ஊறிய சாற்றையும் எண்ணெயையும் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் ரப்பர்தான். அவித்த உருளைக்கிழங்கு, சோளக்கதிர், மிளகாய்ச் சட்னியோடு சுடச்சுடப் பரிமாற வேண்டும். தெருவோரப் புகையில் நின்று இந்தக் கைத்திறனைத் தலைமுறைகளாகக் காத்தவர்கள், அன்டிகுச்சேரா என்றழைக்கப்படும் பெண்கள்.

"வறுமையிலும் என்ன ருசி!" என்ற பாராட்டையும் நான் ஏற்கவில்லை. வறுமை தானாக வந்ததா? உழைப்பைத் திருடியவன் உண்டாக்கியது. 1854இல் ரமோன் காஸ்டில்யா அடிமை முறையை ஒழித்தபோது நட்டஈடு கிடைத்தது யாருக்கு? ஆண்டைகளுக்கு! அடிமைப்பட்டுக் கிடந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. பெரு அரசு அந்த மக்களிடம் மன்னிப்புக் கேட்கவே 2009 வரை ஆனது.

இந்த வித்தை நமக்கும் தெரிந்ததுதான். மாட்டுக்குடல் சேரியில் வெந்தால் தீட்டு. நட்சத்திர விடுதியில் வெந்தால் பாரம்பரியம்!

ஆகவே, உணவகங்கள் பட்டியலில் 'ஆப்பிரிக்க மரபு' என்று ஒரு வரி அச்சடித்துவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடாது. அந்த ருசிக்கு வாங்கும் விலையில், அதைப் படைத்த மக்களுக்குப் பங்கு வேண்டும். பங்கில்லாத பாராட்டு, பழைய கொள்ளையின் புதுப்பெயர்.