மாவுக்கட்டைப் பிரித்துவிட்டால் கால் சரியாகிவிட்டதா?

கொஞ்சம் நீளமான பதிவுதான். வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவர்களும் இதை மட்டும் முழுதாகப் படித்துவிடுங்கள்.

ஆனி மாதக் கடைசியில் தோட்டத்து வரப்பில் வழுக்கி விழுந்து, என் வலது கணுக்காலில் எலும்பு விரிசல் விட்டது பலருக்குத் தெரியும். ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆவணியில் பிரித்தார்கள். இப்போது ஐப்பசி. கார்த்திகை பிறந்துவிட்டால் நம் கம்பம் ரோடு ராத்திரியிலும் தூங்காது. சின்னமனூர், உத்தமபாளையம், கூடலூர் என்று வழியெல்லாம் சரணக் குரல்தான். 19 தடவை மலைக்குப் போனவன் நான். வீட்டில் சும்மா உட்கார முடியுமா?

இதில் சொந்தக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள்.

"கட்டுத்தான் பிரிச்சாச்சே மாமா, இன்னும் என்ன யோசனை? சாமி பாத்துக்குவாரு. வேனுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு" என்பது ஒரு கட்சி.

"அறுபது தாண்டியாச்சு, இனி மலையெல்லாம் எதுக்குண்ணே? வீட்லயே விளக்கேத்திக் கும்புடுங்க" என்பது இன்னொரு கட்சி.

இரண்டு கட்சியும் தப்பு என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல் கட்சிக்கு முதலில் பதில் சொல்கிறேன். எலும்பு கூடுவது வேறு, கால் தயாராவது வேறு. கட்டைப் பிரித்த பிறகு பிசியோதெரபி பார்க்கும் பெண்ணிடம் போனேன். டேப்பை எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் சுற்றி அளந்தார். வலது கால் இரண்டு சென்டிமீட்டர் சிறுத்திருந்தது. அசையாமல் கிடக்கும் தசை சில நாட்களிலேயே கரைய ஆரம்பித்துவிடும். திரும்பி வரவோ மாதக்கணக்கில் ஆகும். "எலும்பு கூடிருச்சுன்னு எக்ஸ்ரேல தெரியும் சார். தசைக்கு எக்ஸ்ரே கிடையாது. நீங்கதான் சோதிச்சுப் பாக்கணும்" என்றார். 35 வருடம் பாடம் நடத்தியவனுக்கு அந்தப் பெண் நடத்திய பாடம் அது.

சோதித்தும் பார்த்தேன். போன வாரம் போடி பரமசிவன் மலைக் கோயில் படிகளில் ஏறினேன். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. "அடடா, தேறிவிட்டோம்" என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. இறங்கும்போதுதான் வண்டவாளம் தெரிந்தது. பத்தாவது படியிலேயே கால் வெடவெடவென்று ஆடியது. பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கி வந்தேன். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். இறக்கத்தில்தான் முட்டியும் கணுக்காலும் உடம்பின் முழு எடையையும் தாங்கிப் பிடிக்க வேண்டும். பம்பையிலிருந்து சன்னிதானம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். நீலிமலை, அப்பாச்சிமேடு ஏற்றத்தை எல்லாரும் பேசுவார்கள். தரிசனம் முடிந்து அதே 5 கிலோமீட்டர் இறங்க வேண்டும் என்பதை யாரும் பேசுவதில்லை. நீலிமலையிலும் அப்பாச்சிமேட்டிலும் இதய சிகிச்சை மையம் வைத்திருப்பது அலங்காரத்துக்கு அல்ல, சாமிகளே.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன்னால் என் மச்சான் முட்டி வீக்கத்தோடு எங்கள் குழுவில் வந்தார். வண்டிப்பெரியாறு தாண்டும்போதே "முடியலை மாப்ள" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரணம் சொல்லிக்கிட்டே ஏறு மச்சான், வலி தெரியாது." ஏறினார். இறங்கும்போது டோலியில்தான் இறங்கினார். அதன்பிறகு அவர் மலைக்கு வரவே இல்லை. இன்றைக்கும் அவர் வலது காலைச் சாய்த்து நடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். அன்று பேசியது பக்தி இல்லை, என் அவசரம். வேன் புறப்படும் நேரம் எனக்கு அவர் முட்டியைவிடப் பெரிதாகத் தெரிந்தது. அதே வசனத்தை இன்று என்னிடமே திருப்பிச் சொல்கிறார்கள்.

என் மாணவன் ஒருவன் கனடாவில் இருக்கிறான். பனிச்சறுக்கு விளையாடி முட்டி ஜவ்வு கிழிந்து, அறுவை சிகிச்சை ஆனவன். போனில் பேசும்போது, "இந்த சீசன் எனக்குக் கிடையாது சார்" என்றான், சாதாரணமாக. முட்டியின் முன்பக்க ஜவ்வுக்கு அறுவை செய்தவர்களை வைத்து 2016-இல் ஓர் ஆய்வு வந்தது. திரும்ப விளையாடப் போவதை 9 மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதத்துக்கும், மறுபடி முட்டியில் அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைகிறதாம். மாதம் முடிந்தால் மட்டும் போதாது. அடிபட்ட கால் நல்ல காலோடு ஒப்பிட்டால் நூற்றுக்குத் தொண்ணூறாவது பலம் காட்ட வேண்டும். விளையாட்டுக்கே இவ்வளவு பார்க்கிறார்கள். நாம் 41 நாள் விரதத்தில் நாக்கை அடக்குகிறோம், கோபத்தை அடக்குகிறோம். சுமக்கப்போகிற காலுக்கு ஒரு நாளாவது பயிற்சி கொடுக்கிறோமா?

இப்போது இரண்டாவது கட்சி. "வயசாச்சு, உக்காருங்க" என்பது பாசம் மாதிரி தெரியும். ஆனால் ஒரு கிழவனை நிரந்தரமாகப் படுக்க வைக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை. நடக்காத கால் இன்னும் கரையும். கரைந்த கால் வீட்டு முற்றத்திலேயே வழுக்கும். ஓய்வு வேண்டிய காலம் ஆறு வாரம். அதற்குப் பிறகு வேண்டியது உழைப்பு.

என் உழைப்பு இதுதான். காலையும் மாலையும் சுவரைப் பிடித்து நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவது. அடிபட்ட காலில் மட்டும் அரை நிமிடம் நிற்பது. ஒரே ஒரு படியில் ஏறி, மெதுவாக இறங்குவது. பிறகு நடை; வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டி. செலவு ஒன்றும் இல்லை. ஆனால் முதலில் சொல்லித்தர ஆள் வேண்டும். கட்டுக்கும் மாத்திரைக்கும் ஆயிரக்கணக்கில் கொடுக்கும் நாம் பிசியோதெரபி என்றால் "தண்டச் செலவு" என்கிறோம். க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கேளுங்கள். நடமாட முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். அரசு தருவதைக் கேட்டு வாங்குவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கார்த்திகை வேனில் நான் இல்லை. அட்வான்ஸ் போனால் போகட்டும். கோயில் ஒவ்வொரு மலையாள மாதப் பிறப்புக்கும் ஐந்து நாள் திறந்திருக்கிறது. மாசி மாதப் பூஜைக்குப் போவதாகத் திட்டம். அதற்கு முன் ஒருநாள் போடி மலைப் படிகளில் சுவரைத் தொடாமல் இறங்க வேண்டும். இறங்கினால் மாலை போடுவேன். இல்லையென்றால் அடுத்த மாதம் பார்ப்பேன். ஐயப்பன் எங்கேயும் போய்விட மாட்டார்.

குருசாமிகளாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருடம் மாலை போட்டுவிடும் முன் ஒவ்வொரு சாமியிடமும் கேளுங்கள்: "கால் எப்படி இருக்கு சாமி?" நொண்டுகிறவரைப் பார்த்து நான் சொன்னதை நீங்கள் சொல்லாதீர்கள்.

மச்சான் இதைப் படிப்பார் என்று தெரியும். மன்னிச்சுக்குங்க மச்சான். நாளைக்குக் காலையில் நடைக்கு வருகிறேன், நீங்களும் கூட வாங்க. மெதுவாகவே போவோம்.

சுவாமியே சரணம் ஐயப்பா.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்