பிள்ளைக்கு இரைச்சல் நீக்கும் காதொலிப்பான் வாங்கும் முன்



"ஐயா, பிள்ளை படிக்கும்போது சத்தம் கேட்காமல் இருக்க ஒரு ஹெட்போன் வாங்கலாம் என்று நினைக்கிறோம். விலையும் கூடாது, பொருளும் நன்றாக இருக்க வேண்டும். எதை வாங்கலாம்?" அண்மைக் காலமாகப் பெற்றோர்கள் பலர் இவ்வாறு கேட்கின்றனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை சொல்வதைவிட என் கருத்தை இங்கே ஒருசேர எழுதிவிடுவது நல்லது எனத் தோன்றியது.

கேள்வி நியாயமானதே. நம் தெலுக் பங்லிமா காராங்கை அமைதியான ஊர் என்று எவரும் சொல்ல மாட்டார். கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் 5-ஆம் எண் கூட்டரசுச் சாலை நம் ஊர் வழியாகச் செல்கின்றது. பூலாவ் இண்டா துறைமுகத்தை நோக்கிச் செல்லும் விரைவுச்சாலையும் பக்கத்தில்தான். தொழிற்பேட்டைக்கு வந்து போகும் கனவுந்துகளுக்கு இரவு பகல் கிடையாது. வரிசை வீடுகளிலோ ஒரு சுவருக்கு அப்பால் அண்டை வீட்டாரின் தொலைக்காட்சி. நம் வீட்டுக்குள் மின்விசிறி, சலவை இயந்திரம், தம்பி தங்கையரின் விளையாட்டு. 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, பிள்ளைகள் இயங்கலை வழியாகப் படிக்கத் தொடங்கியபோதுதான் நம் வீடுகள் எவ்வளவு இரைச்சலானவை என்பதைப் பலர் உணர்ந்தோம். அந்தக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் காணொலி வழிப் பாடமும் இயங்கலைப் பயிற்சி வகுப்பும் நம்மோடு தங்கிவிட்டன.

அதே வேளையில் பணத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2025-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். 300 ரிங்கிட்டுக்கு ஒரு காதொலிப்பான் வாங்கினால், அச்சம்பளத்தில் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் அதற்கே போய்விடும். அவ்வளவு கொடுத்து வாங்கும் பொருள், நாம் எந்தத் தொல்லைக்காக வாங்குகிறோமோ அந்தத் தொல்லையைத் தீர்க்குமா? பல வீடுகளில் தீர்க்காது என்பதே என் கருத்து. காரணத்தைக் கூறுகிறேன்.

இக்கருவி எதற்காகப் பிறந்தது?

ஓர் ஒலியலையின் மேட்டுக்கு எதிரே அதே அளவு பள்ளத்தை உருவாக்கினால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இந்தக் கோட்பாட்டுக்கு 1936-ஆம் ஆண்டிலேயே பால் லூக் என்னும் செருமானியர் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதைக் காதில் மாட்டும் கருவியாக ஆக்கியவர்களுள் முதன்மையானவர் அமர் போஸ். வங்காளத்திலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற இந்தியர் ஒருவரின் மகன். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1978-இல் சூரிக் நகரிலிருந்து வானூர்தியில் திரும்பிக்கொண்டிருந்தபோது, பொறியின் இரைச்சலால் காதொலிப்பானில் இசையைக் கேட்க இயலவில்லை. அந்தப் பயணத்திலேயே இதற்கான கணக்குகளைப் போடத் தொடங்கினார் என்பர். 1989-இல் வானோட்டிகளுக்கான கருவியை அவரது நிறுவனம் விற்பனைக்குக் கொண்டு வந்தது.

இந்த வரலாற்றை ஏன் சொல்கிறேன் என்றால், இக்கருவி வானூர்திப் பொறியின் இடைவிடாத தாழ்ந்த முழக்கத்தை அடக்குவதற்காகப் பிறந்தது. மூன்று பேர் பேசிக்கொண்டிருக்கும் வரவேற்பறைக்காகப் பிறக்கவில்லை.

எது நீங்கும், எது நீங்காது?

கருவியில் உள்ள சிறிய ஒலிவாங்கி வெளியொலியைக் கேட்கிறது. உள்ளே இருக்கும் சில்லு அதற்கு எதிரலையை உருவாக்குகிறது. ஒலி தாழ்ந்த சுருதியிலும் ஒரே சீராகவும் இருந்தால் கணிப்பது எளிது. ஆகவே மின்விசிறி, குளிர்சாதனம், சாலையின் தொடர்முழக்கம், பேருந்துப் பொறி ஆகியவை நன்றாகக் குறையும். பேச்சு, குழந்தையின் அழுகை, பாத்திரம் விழும் ஓசை, ஹார்ன் ஒலி போன்றவை உயர்ந்தும் திடீரென்றும் வருபவை. அவற்றை எதிரலையால் பிடிப்பது கடினம். அங்கே ஓரளவு தடுப்பது காதை மூடியிருக்கும் மெத்தைதான்.

இன்னொரு விந்தையும் உண்டு. மின்விசிறியின் ஓசை அடங்கிய பின், அதுவரை அதில் மறைந்திருந்த பக்கத்து அறைப் பேச்சு முன்னைவிடத் தெளிவாகக் கேட்பதுபோல் தோன்றும். "வாங்கினேன், வேலை செய்யவில்லை" என்று சிலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கருவி தன் வேலையைச் செய்கிறது. நாம் எதிர்பார்த்த வேலைதான் வேறு.

ஆகவே கடைக்குப் போகும் முன், பிள்ளை படிக்கும் இடத்தில் பத்து நிமிடம் கண்களை மூடி அமர்ந்து கேளுங்கள். உங்கள் காதில் விழுவது சாலை முழக்கமும் விசிறியுமா? அப்படியானால் இக்கருவி பயன் தரும். தொலைக்காட்சியும் பேச்சுமா? அப்படியானால் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எழுத்து மாறினால் பொருள் மாறும்

இணையக் கடைகளில் 40, 50 ரிங்கிட்டுக்குக்கூட 'இரைச்சல் நீக்கும்' என்ற விளம்பரத்தோடு கருவிகள் கிடைக்கின்றன. விவரத்தைக் கூர்ந்து படித்தால் பலவற்றில் 'இ.என்.சி.' என்று இருக்கும். இது உங்கள் ஒலிவாங்கியில் சேரும் இரைச்சலைக் குறைப்பது. எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் குரல் தெளிவாகக் கேட்கும். உங்கள் காதில் விழும் இரைச்சல் அப்படியேதான் இருக்கும். நீங்கள் தேடுவது 'ஏ.என்.சி.'. இந்த ஓரெழுத்து வேறுபாட்டில் ஏமாறுவோர் பலர். லகர ளகரத்தை மாற்றி எழுதினால் பொருளே மாறிவிடும் என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கும் நாம், இங்கும் எழுத்தைக் கவனிக்க வேண்டும்.

கம்பியில்லாமல் இருக்கத்தான் வேண்டுமா?

தொடக்கப்பள்ளி மாணவருக்குக் கம்பியுள்ள, ஒலிவாங்கியோடு கூடிய எளிய கருவியே போதும் என்பேன். மின்னூட்டம் தேவையில்லை, பாதி வகுப்பில் மின்கலம் தீர்ந்துபோவதில்லை. முக்கியமாக ஒன்று: பெரும்பாலான புளூடூத் கருவிகளில் ஒலிவாங்கியை இயக்கியவுடன் காதில் கேட்கும் ஒலியின் தரமும் இறங்கிவிடும். கேட்கவும் பேசவும் ஒரே நேரத்தில் இடம் ஒதுக்க வேண்டியிருப்பதே காரணம்.

தமிழாசிரியருக்கு இது சிறிய செய்தி அன்று. நம் பாடத்திட்டம் கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து என்ற வரிசையில்தான் மொழித்திறன்களை அடுக்குகிறது. லகர ழகர ளகரமும் ணகர நகர னகரமும் நுட்பமான ஒலி வேறுபாடுகள். மங்கிய ஒலியில் அவை ஒன்றோடொன்று கலந்துவிடும். தெளிவாகக் கேளாத பிள்ளை தெளிவாகச் சொல்லாது. வள்ளுவர் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்ததை நினைவில் கொள்வோம்.

இடைநிலைப்பள்ளியில் நெடுநேரம் தனியே படிக்கும் மாணவர்க்கும், நாள்தோறும் பேருந்திலோ ரயிலிலோ செல்லும் கல்லூரி மாணவர்க்கும் கம்பியற்ற ஏ.என்.சி. கருவியில் மெய்யான பயன் உண்டு. இரைச்சலான இடத்தில் நாம் அறியாமலே ஒலியைக் கூட்டுகிறோம். இரைச்சல் குறைந்தால் ஒலியைக் குறைத்தே கேட்கலாம். காதுக்கு அது நன்மை.

85 என்னும் எண்

சிறுவர்களுக்கான கருவிகளின் பெட்டியில் '85 டெசிபல் வரை மட்டும்' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தொழிற்சாலையில் பணிபுரியும் பெற்றோருக்கு இந்த எண் பழக்கமானது. 2019-ஆம் ஆண்டின் இரைச்சல் தொடர்பான பணியிடப் பாதுகாப்பு விதிமுறைகளில், நாள் முழுவதற்குமான வரம்பு 85 டெசிபல். அது வளர்ந்தோருக்கு, வேலையிடத்தில் வகுத்த வரம்பு.

பொழுதுபோக்குக் கருவிகளைப் பொறுத்தவரை உலகச் சுகாதார நிறுவனம் வளர்ந்தோருக்கு வாரம் 40 மணி நேரத்திற்கு 80 டெசிபல் என்றும், சிறுவருக்கு 75 டெசிபல் என்றும் கூறுகின்றது. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகும். அந்தக் கணக்கில், 75-இல் 40 மணி நேரம் கேட்கக்கூடிய பிள்ளை 85-இல் வாரத்திற்கு 4 மணி நேரமே கேட்கலாம். எனவே பெட்டியில் உள்ள எண்ணை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். கைப்பேசியின் அமைப்பிலேயே ஒலிக்கு வரம்பு வைக்க முடியுமா என்று பாருங்கள். பிள்ளை கருவியை அணிந்திருக்கும்போது ஒரு கை தூரத்திலிருந்து இயல்பாகப் பேசுங்கள். கம்பியுள்ள கருவி என்றால் உங்கள் குரல் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் ஒலி அதிகம்.

ஒரு சொல் தந்தையர்க்கும். ஏ.என்.சி. காதொலிப்பான், தொழிற்சாலையில் கொடுக்கும் காதுக்காப்புக்கு மாற்றாகாது. அதை அணிந்து இயந்திரத்தின் முன் நிற்காதீர்கள்.

வாங்குவது என்று முடிவு செய்துவிட்டால்

1. காதை முழுதும் மூடும் வகையைத் தேர்ந்தெடுங்கள். அணிந்து பார்த்து வாங்குங்கள். மூக்குக்கண்ணாடியின் தண்டும் தடித்த பின்னலும் மெத்தைக்கும் தலைக்கும் இடையே சந்து விடும். அந்தச் சந்து வழியே இரைச்சல் நுழையும்.

2. எடையைப் பாருங்கள். 2023-இல் வந்த சோனியின் சிஎச்720என் வகை 192 கிராம்தான். வேறு பல 250 கிராமைத் தாண்டுகின்றன. சிறுவர் கழுத்துக்கு இந்த வேறுபாடு தெரியும்.

3. கம்பி பொருத்தும் வசதியும் இருக்கட்டும். மின்கலம் தளர்ந்த பின்னும் கருவி பயன்படும். மெத்தையைத் தனியே வாங்கி மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். நம் வெயிலிலும் வியர்வையிலும் முதலில் உரிந்து போவது அதுதான்.

4. கம்பியற்ற கருவிகளுக்குச் சிரிம் சான்றும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் முத்திரையும் வேண்டும். முத்திரை உள்ளதா எனப் பாருங்கள்.

5. வெளிநாட்டிலிருந்து இணையம் வழி வரவழைக்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருள்களுக்கு 2024 சனவரி முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. விலையை ஒப்பிடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழுதானால் உள்ளூரில் மாற்றித் தருவார்களா என்பது ஐந்து பத்து ரிங்கிட் கழிவைவிட முக்கியம்.

6. சாலையில் நடக்கும்போதும் மிதிவண்டி ஓட்டும்போதும் அணியக்கூடாது. கனவுந்து ஓடும் நம் ஊர்ச் சாலையில் காதும் ஒரு கண்தான்.

இரைச்சலை எங்கே நிறுத்துவது?

இரைச்சல் எழும் இடத்தில் அதை நிறுத்துவது எளிது. வந்து சேரும் காதில் நிறுத்துவது கடினம். பல வீடுகளில் பிள்ளையின் படிப்பைக் கெடுப்பது மாலைத் தொலைக்காட்சித் தொடர். அப்படிப்பட்ட வீட்டில் ஒரேயொரு காதொலிப்பான் வாங்கப் பணம் இருக்குமானால், அதைப் படிக்கும் பிள்ளைக்கு மாட்டாதீர்கள். தொலைக்காட்சி பார்ப்பவர் மாட்டிக்கொள்ளட்டும். இன்றைய தொலைக்காட்சிகள் பலவற்றில் புளூடூத் உண்டு. அதற்கு ஏ.என்.சி. தேவையில்லை; விலை குறைந்த சாதாரணக் கருவி போதும். ஒருவர் காதில் மாட்டியவுடன் படிக்கும் பிள்ளைக்கும், இரவு வேலை முடித்து உறங்குபவர்க்கும், ஏன், பக்கத்து வீட்டாருக்குமே அமைதி கிடைக்கும். 300 ரிங்கிட் கருவி ஒருவருக்குத் தரும் அமைதியைவிட இது பெரிது.

இன்னொன்றும் எண்ணிப் பார்க்கத்தக்கது. நாள்தோறும் மூன்று மணி நேரம் காதை மூடிக்கொள்ளும் பிள்ளை, பாட்டி பேசும் தமிழையும் கேட்பதில்லை. பழமொழியும் உறவுப் பெயரும் வீட்டுப் பேச்சிலிருந்துதான் பிள்ளைக்கு வருகின்றன. பயிற்றி நூலிலிருந்து வருவது கொஞ்சமே. ஆகவே கருவியை வாங்கிக் கொடுத்தாலும் அதற்கு நேரம் வகுத்துக் கொடுங்கள். ஏழரை மணி முதல் ஒன்பது மணி வரை வீடு முழுவதும் படிப்பு நேரம். அதன்பின் அனைவரும் காதைத் திறந்து பேசும் நேரம்.

இந்த ஏற்பாட்டை முதலில் ஒரு வாரம் செய்து பாருங்கள். அதன் பிறகும் சாலை முழக்கம் பிள்ளைக்குத் தொல்லை தருமானால், தயங்காமல் கடைக்குச் செல்லுங்கள். எதை வாங்குகிறோம், எதற்காக வாங்குகிறோம் என்பது அப்போது உங்களுக்கே தெளிவாகத் தெரிந்திருக்கும்.