அடையாற்றில் வென்ற கைப்பழக்கம்

பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் வெற்றிகளைப் பற்றிப் பேச்சு எழுந்தால், புதுச்சேரியில் முதலில் கிடைக்கும் விளக்கம் ஒன்றுதான்: வெள்ளைக்காரனிடம் துப்பாக்கி இருந்தது, நம்மவரிடம் இல்லை. 1746இல் அடையாற்றங்கரையில் நடந்த சண்டையை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். புதுச்சேரியிலிருந்து சென்ற பாரடிஸ் என்ற சுவிஸ்காரரின் ஆயிரம் பேர், ஆற்காட்டு நவாபின் மகன் மாபூஸ் கானின் பத்தாயிரம் பேரைச் சிதறடித்தார்கள். ஆனால் நவாபின் படையில் துப்பாக்கியும் இருந்தது, பீரங்கியும் இருந்தது. நீண்ட குழல் கொண்ட நம் திரித்துப்பாக்கி, தூரத்திலும் குறியிலும் பிரெஞ்சுத் துப்பாக்கிக்கு இளைத்ததும் அல்ல. வேறுபாடு, அதை எவ்வளவு விரைவாக மறுபடி கெட்டித்தார்கள் என்பதில்தான் இருந்தது.

திரித்துப்பாக்கிக்காரன் மருந்தை அளந்து கொட்டி, குண்டை இட்டு, கோலால் இடித்து, எரியும் திரி மருந்தில் படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐரோப்பியப் படைகளில் மருந்தும் குண்டும் அளந்து சுற்றிய காகிதத் தோட்டா வழங்கினார்கள். பல்லால் கடித்துக் கிழித்து, சிறிது மருந்தைக் கிண்ணியில் இட்டு, மீதியைக் குழலில் கொட்டி இடித்தால் முடிந்தது; சக்கிமுக்கிக் கல்லே பொறி தரும். பழகியவன் நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை சுடலாம். அதைவிடப் பெரிய வேறுபாடு, வரிசை வரிசையாக முறைவைத்துச் சுடும் பயிற்சி. ஒரு வரிசை கெட்டிக்கும் நேரத்தில் மற்றொரு வரிசை தயாராக இருக்கும்; எதிரிக்கு இடைவெளியே கிடைக்காது.

பீரங்கியிலும் இதே கதைதான். அடையாற்றுச் சண்டைக்குச் சற்று முன், தாங்கள் பிடித்து வைத்திருந்த சென்னைக் கோட்டையிலிருந்து பிரெஞ்சுக்காரர் இரண்டு சிறு பீரங்கிகளுடன் வெளியே வந்தனர். முதல் வெடி முடிந்தால் அடுத்ததற்கு அவகாசம் இருக்கும் என்று நம்பி வந்த நவாபின் குதிரைப்படை, அடுத்தடுத்து விழுந்த வெடிகளில் நிலைகுலைந்தது. நவாப் தரப்பில் ஒரு பீரங்கியைக் கால் மணிக்கு ஒரு முறை வெடிப்பதே நல்ல வேகமாகக் கருதப்பட்டது என்று அக்கால வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதுகிறார். ஐரோப்பியர் நிமிடத்துக்கு ஐந்தாறு முறை சுட்டதாக அவர் சொல்வது மிகையாக இருக்கலாம். அதைப் பாதியாகக் குறைத்தாலும் வேறுபாடு மலையளவு.

அடையாற்றில் பாரடிஸிடம் பீரங்கியே இல்லையே, ஒரு முறை சுட்டுவிட்டு ஆற்றைக் கடந்து துப்பாக்கிமுனைக் கத்தியோடு பாய்ந்தார்களே, இதில் கெட்டிக்கும் வேகத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் முந்தைய சண்டையில் அந்த வேகத்தைக் கண்டு மனம் உடைந்த படைதான் அங்கே நின்றது. குழல்வாய் அடைபடாதபடி வெளிப்புறமாகச் செருகும் கத்தி என்பதால், அது மாட்டியிருக்கும்போதே மறுபடி கெட்டிக்கவும் முடியும். பாய்ந்து வந்தவன் அடுத்த குண்டையும் தன்னோடு கொண்டுவந்தான்.

இனத்தின் வீரம் என்று சொல்வோருக்கு ஒரு விடை போதும்: அந்த ஆயிரத்தில் எழுநூறு பேர் பயிற்சி பெற்ற இந்தியச் சிப்பாய்கள். பழகினால் எவருக்கும் வரும் வேலை இது. பழக்கவும் மாதாமாதம் சம்பளம் கொடுத்து நிறுத்தி வைக்கவும் ஓர் அரசு வேண்டும். மைசூர் அதைச் செய்தது. பிரெஞ்சு வீரர்களை வேலைக்கு வைத்துக் காலாட்படையைப் பழக்கிய ஹைதர் அலியின் படை, 1780 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையை அழித்தது. ராக்கெட்டும் ஆள்பலமும் அங்கே உதவின, மறுப்பதற்கில்லை. ஆனால் அன்று பெய்லியிடமும் துப்பாக்கி இருந்தது.