மடுவத்துத் தராசும் அடுக்களைத் தராசும்

கினிகத்தேனைப் பகுதியில் மழைக்குப் பஞ்சமில்லை. நனைந்த கொழுந்தைச் சுமந்து மடுவத்துக்கு வரும் பெண்ணின் நிறுவையில், ஈரத்துக்கு இவ்வளவு, பைக்கு இவ்வளவு எனக் கழிப்பது தோட்ட வழக்கம். அக்கழிவு நியாயமானதா என்பது நெடுங்கால வழக்கு. அதனை இங்கு நாம் விசாரிக்கப் புகவில்லை. தண்ணீரும் நிறை காட்டும், பையும் நிறை காட்டும் என்பதை மலையக மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அவர்களே தம் அடுக்களையில் மட்டும் கண்ணையும் கையையும் நம்பியிருப்பதுதான் நமக்கு வியப்பு.

நீரிழிவு கண்ட பெரியவர் ஒருவரை அளவோடு உண்ணுமாறு வைத்தியர் பணிக்கிறார். "இரண்டு ரொட்டிதான் ஐயா" என்கிறார் அவர். எந்த இரண்டு? கோதுமை மா 100 கிராமில் ஏறக்குறைய 360 கலோரி உண்டு. மாவைத் தளர அள்ளினால் ஒரு கோப்பை 120 கிராம். அழுத்தி அள்ளினால் 150 கிராமையும் எட்டும். கோப்பை ஒன்றே; வேறுபாடோ 100 கலோரிக்கு மேல். தேங்காய்ப்பூவின் கணக்கு இன்னும் வரவில்லை! சீனியும் அவ்வாறே. மட்டமான தேக்கரண்டி 4 கிராம். குவித்தால் ஏறத்தாழ இருமடங்கு.

பெருங்குழப்பம் சோற்றில்தான். 100 கிராம் அரிசியில் 360 கலோரியளவு. அதே நிறையுள்ள சோற்றில் 130 அளவே. இடையிற் புகுந்தது தண்ணீர். சோற்றை நிறுத்து அரிசியின் கணக்கை எழுதுபவர், ஈரத்துக்குக் கழிக்க மறந்த கணக்கப்பிள்ளையே ஆவார். அரிசியை உலையிலிடுமுன் நிறுத்தல் வேண்டும். 500 கிராம் அரிசி, பானையின் நிறை நீங்கலாக, 1400 கிராம் சோறாயிற்று எனின், தட்டில் விழும் 280 கிராம் அதன் ஐந்திலொரு பங்கு. அதாவது 100 கிராம் அரிசி.

பாணுக்குச் சட்டமே துணை நிற்கிறது. ஓர் இறாத்தல் பாண் 450 கிராம் இருத்தல் வேண்டுமென்றும், 13.5 கிராமுக்கு மேல் குறையலாகாதென்றும் 2024இல் அரசு விதித்தது. கடைக்காரரிடம் நாம் கேட்கும் நேர்மையை நம் தட்டிடமும் கேட்டாலென்ன? இன்றைய மின்தராசில் வெறுந்தட்டை வைத்துப் பூச்சியப் பொத்தானை அழுத்தினால் தட்டின் கழிவு தானே நீங்கும். தராசில் ஐயமிருப்பின் ஒரு லீற்றர் தண்ணீரை நிறுத்துப் பார்க்கலாம். பாத்திரம் நீங்கலாக ஒரு கிலோ காட்டல் வேண்டும்.

உண்பதை நிறுப்பது அநாகரிகம் என்பார் உளர். விருந்தினர் முன் நிறுப்பது அநாகரிகமே. அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் தராசு குறைப்பதற்கு மட்டும் உரியதன்று. 2016ஆம் ஆண்டுக் குடிசன சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடளாவ நூற்றுக்கு 17.3, தோட்டப்புறத்தில் 31.7. ஒரே லயத்து அறையில் தாத்தாவின் தட்டில் மிகுவதும் பேரனின் தட்டில் குறைவதும் ஒருங்கே நிகழலாம். கண்ணளவு இரண்டையும் மறைத்துவிடும்.

ஆயுள் முழுவதும் நிறுக்கச் சொல்லோம். இரண்டு வாரம் நிறுத்தால் கை பழகிவிடும்; பின்னர் மாதமொருமுறை சோதித்தாற் போதும். யூபிலி நினைவாகக் கேடயங்கள் வழங்க எண்ணும் அன்பர்கள், அச்செலவிற் சிறுபகுதிக்குத் தோட்ட வைத்தியசாலைகளுக்குச் சமையற் தராசு வாங்கித் தருவார்களாயின், இரவல் பெற்று நிறுத்துப் பார்க்கப் பல வீடுகள் முன்வரும்.